எமில்டாவைப் பற்றி விசாரித்தார்கள்

எங்கள் ஆபீசில் எமில்டாவுக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர். எனக்குத் திமிர் பிடித்தவர்களைக் கொஞ்சம் பிடிக்கும். அதனால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்குப் பக்கத்து மேசை காலியாக இருப்பதைப் பார்த்து நானே போய் உட்கார்ந்துகொண்டேன். அது ஏன் காலியாகக் கிடந்தது என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. காலையில் வந்தால் ஒரு சிரிப்பு கிடையாது. சாப்பிட்டாயா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்பாள்; நீ சாப்பிட்டாயா என்று திருப்பிக் கேட்க மாட்டாள். புதுச் சேலை கட்டிக்கொண்டு போய் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். உனக்கு எடுப்பாக இல்லை என்றாள். கேட்டது என் தப்பு.

எங்களுடையது துறைமுகத்தை நம்பிப் பிழைக்கிற கிளியரிங் ஏஜென்சி. கப்பலில் வருகிற, போகிற சரக்குக்குக் கஸ்டம்ஸ் பேப்பர் போட்டுக் கொடுப்பதுதான் வேலை. நான், சந்தனச்செல்வி, ஒரு பெண் பிள்ளைக்குத் தாய், ஓட்டப்பிடாரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். எமில்டாவுக்குத் திரேஸ்புரம். கடற்கரைக்கு இறங்குகிற ஒரு சந்தில் அம்மா பிலோமினாவோடு இருக்கிறாள். அப்பா தோணியில் மாலத்தீவுக்குச் சரக்குக் கொண்டுபோனவர், இறந்து வெகு காலமாகிறது. தங்கை ஸ்டெபி கல்யாணம் முடிந்து கத்தாரில் இருக்கிறாள். எமில்டாவுக்கு முப்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை.

முயற்சி இல்லாமல் இல்லை. எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் விசாரிப்பார்கள். இது இந்து, கிறிஸ்தவர் என்று பார்ப்பதில்லை. எல்லா வீட்டிலும் உண்டு. மாப்பிள்ளையின் பெரியம்மாவோ அத்தையோ போன் போட்டு, சும்மா நலம் கேட்பது போலப் பெண்ணின் குணம், பழக்கவழக்கம், சின்ன வயதில் வந்த நோய்நொடி வரைக்கும் கறந்துவிடுவார்கள். பிலோமினா அம்மாவைப் போல இந்த போன்களுக்குப் பதில் சொல்ல ஊரிலேயே ஆள் கிடையாது. அந்தப் பேச்சைக் கேட்டால் நானே எமில்டாவைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்துவிடுவேன். விசாரணையெல்லாம் தாண்டி மாப்பிள்ளை வீட்டார் நேரில் வருவார்கள். எமில்டாவிடம் ஐந்து நிமிடம் பேசிவிட்டுப் போவார்கள், அதோடு சரி. ஒரு மாப்பிள்ளை கடல் பிடிக்குமா என்று கேட்டிருக்கிறார். பிடிக்காது, நாத்தம் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அவர் கப்பலில் வேலை பார்க்கிறவர்.

போன வருஷம் எங்கள் முதலாளி செந்தூர்பாண்டி அண்ணாச்சிக்கு ஆபீசைப் புதுப்பிக்கும் ஆசை வந்தது. அறைகளுக்கு நடுவே இருந்த சுவரையெல்லாம் இடித்து ஒரே ஹாலாக்கினார். தலைக்கு மேலே வரிசையாக வெள்ளை விளக்கு, நாலு மூலையிலும் ஏசி, ஒருத்தர் போன் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். நாங்கள் ஏதோ வெளிநாட்டில் இருப்பது போல போட்டோ எடுத்துக்கொண்டோம். எமில்டாவுக்கு மட்டும் வேலையில் பிழை வரத் தொடங்கியது. அதற்கு முன்னால் அவள் போட்ட பேப்பர் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அண்ணாச்சி கத்தினார். அவள் எழுந்து போனாள். வெகு நேரம் ஆளைக் காணோம். பழைய பைல் போட்டு வைக்கிற அறையில், விளக்குப் போடாமல், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னளா ஆச்சு?" என்றேன்.

"அந்த விளக்கு சத்தம் போடுது."

"விளக்கு எங்கன சத்தம் போடும்?"

"போடும். ஒனக்குக் கேக்காது."

அவள் அழவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் யாரும் திமிர் என்று சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, தனக்கு ஆட்டிசம் இருக்கிறது என்று நினைப்பதாகச் சொன்னாள். ஒரு வருஷமாகப் படித்துப் பார்த்தாளாம். ஒவ்வொரு வரியும் யாரோ தன் பின்னாலேயே வந்து பார்த்து எழுதியது போல இருந்ததாம்.

"அது சின்னப் பிள்ளையளுக்கு வர்றதுல்லா?" என்று கேட்டேன்.

"அந்தச் சின்னப் பிள்ளையள் வளந்து என்ன ஆவாங்கன்னு நெனச்ச?" என்றாள்.

பிறகு அவளோடு சேர்ந்து நானும் தேடினேன். அவள் போன் பேச மாட்டாள் என்பதால் பேசியதெல்லாம் நான்தான். எங்கே கேட்டாலும் குழந்தைக்கு எத்தனை வயசு என்றுதான் முதல் கேள்வி. முப்பத்தாறு என்றால் போனை வைத்துவிடுவார்கள். ஒரு இடத்தில் மட்டும் எமில்டாவை நேரில் வரச் சொன்னார்கள். வேலைக்குப் போகிறாள், கோர்வையாகப் பேசுகிறாள், அப்புறம் இது எதற்கு என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு சைக்காலஜிஸ்ட் மேடம், பெரியவர்களுக்கும் வீடியோ காலிலேயே சோதித்துப் பார்ப்பதாகத் தெரிந்தது.

முதல் நாள் பேசிவிட்டு வந்த எமில்டாவை அப்படி நான் பார்த்ததே இல்லை. அவளாகவே என் மேசைக்கு வந்தாள். மேடம் எடுத்த எடுப்பில், என் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை, எங்கே பார்த்தால் வசதியோ அங்கே பாருங்கள் என்றாராம். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே முழுக்கப் பேசினாளாம். என்ன சாப்பிடப் பிடிக்கும், எந்தத் துணி உறுத்தும், யாராவது எப்படித் தொட்டால் தாங்காது என்றெல்லாம் கேட்டாராம். "இதெல்லாம் யாரும் கேட்டதே இல்ல செல்வி. கேட்ட பொறவுதான் எனக்கே யோசிக்கத் தோணுச்சு" என்றாள். திரையில் இருக்கிற ஆள் பக்கத்தில் வந்து உட்கார மாட்டார் என்பதும் அவளுக்கு ஒரு நிம்மதி.

இரண்டு தடவை இப்படிப் பேசிய பிறகு மேடம் ஒன்று கேட்டார். இது நடுவில் வருவதில்லை, பிறவியிலேயே இருப்பது. அதனால் சின்ன வயதில் எமில்டா எப்படி இருந்தாள் என்று கூட இருந்து பார்த்தவர் யாராவது சொல்ல வேண்டும். சொல்லும்போது எமில்டா அந்த அறையில் இருக்கக் கூடாது. வேறு யார் இருக்கிறார்கள், பிலோமினா அம்மாதான். அம்மாவுக்கு வீடியோ கால் எடுக்கத் தெரியாது என்பதால், போனைப் பிடிக்கிற வேலை எனக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வரச் சொல்லியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் வீடே மினுங்கிக்கொண்டிருக்கிறது. பிலோமினா அம்மா பட்டுச் சேலை கட்டி, தலையில் பிச்சிப் பூ வைத்து, காதில் கல்கம்மல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். மாதா சுரூபத்தைச் சுற்றிச் சீரியல் பல்பு எரிகிறது. போனை நிறுத்தி வைத்த ஸ்டூலுக்கு முன்னால் ஒரு தட்டில் மக்ரூன், ஒரு தட்டில் மிக்சர். மேடத்துக்குத் திரைக்குள்ளிருந்து கை நீட்ட முடியாதே என்று நான்தான் எடுத்துத் தின்றேன். எமில்டா அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த வீட்டுக் கதவுக்கும் ஒரு திரைச்சீலைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

"வணக்கங்கம்மா. நல்லா இருக்கீங்களா? எமில்டா சின்ன வயசுல எப்படிங்க இருந்தாங்க? கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார் மேடம். கோயம்புத்தூர்ப் பேச்சு, தேன் மாதிரி இருந்தது. அங்கேதான் வந்தது வினை.

"நல்ல பிள்ளங்க. அது உண்டு அது வேலை உண்டுன்னு இருக்கும்."

"எப்பங்க பேச ஆரம்பிச்சாங்க?"

"எல்லாப் பிள்ளையளும் பேசுத நேரத்துல பேசிட்டா."

"கூட விளையாட பிள்ளைங்க இருந்தாங்களா?"

"தெருப் பிள்ளையள் பூரா எங்க வீட்லதான் கெடக்கும். அம்புட்டு கலகலன்னு பழகுவா."

"சத்தம் கேட்டா பயப்படுவாங்களா? கோயில் கொட்டு, வெடி, இந்த மாதிரி."

"பயமா? மொத ஆளாப் போய் நிப்பா."

"சாப்பாட்டுல ஏதாச்சும் பிடிவாதம்?"

"எம் பிள்ளைக்குப் பிடிவாதம்னா என்னன்னே தெரியாதுங்க. குடுத்ததத் திம்பா. நல்லாச் சமைக்கவும் செய்வா. எங்க குடும்பத்துல யாருக்கும் ஒரு சீக்கு கெடையாது, பரம்பரையாவே கெடையாது."

வாயில் மக்ரூனோடு உட்கார்ந்திருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. பதினைந்து வருஷமாக மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மாக்களுக்குச் சொன்ன அதே பதிலைத்தான், ஒரு எழுத்து மாறாமல், இந்த மேடத்துக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். யார் பேசுகிறார், எதற்குப் பேசுகிறார் என்று எமில்டாவும் நானும் விளக்கமாகச் சொல்லித்தான் உட்கார வைத்திருந்தோம். சொன்னது காதில் விழுந்தது. ஆனால் வெளியூர்க் குரல் ஒன்று மகளைப் பற்றிப் பணிவாக விசாரித்ததும் வாய் தானாகத் திறந்து தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டது. பேசி முடித்து, ஒரு காரியத்தைக் கச்சிதமாக முடித்த திருப்தியோடு அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடுப்படியிலிருந்து எமில்டா வந்தாள். தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

அந்த வாரமே மேடம் எமில்டாவிடம் தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டார். இப்போது அவள் சொல்வதையெல்லாம் பார்த்தால் ஆட்டிசம் போலத்தான் தோன்றுகிறது. ஆனால் அம்மா சொல்வதைப் பார்த்தால் குழந்தைப் பருவத்தில் ஒன்றுமே இல்லை என்று வருகிறது. இதை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார். ஆபீசில் அதைக் கேட்டு நான் பொரிந்து தள்ளினேன். எமில்டா ரொம்ப நேரம் ஸ்டேப்ளரைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"ஆட்டிசம்னு வரலன்னா போகட்டும் செல்வி. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். அம்மா தெரிஞ்சே மறைக்காளா, இல்ல நெசமாவே அவளுக்கு ஒண்ணும் தெரியாதா?"

"எதா இருந்தா என்னளா?"

"மறைச்சா சரி. தெரியாதுன்னா, இத்தன வருஷமா அந்த வீட்ல என்னைய யாருமே பாக்கலன்னுல்லா அர்த்தம்" என்றாள்.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், ஏதோ கண்டெய்னர் வரத் தாமதம் என்று சொல்வது போல. எத்தனையோ வருஷப் பழக்கத்தில் அவள் எதற்கும் ஏங்கி நான் பார்த்ததில்லை. புதுத் துணி, நகை, கல்யாணம், வெளிநாடு, எதற்கும் கிடையாது. இதற்கு ஏங்கியிருக்கிறாள். தன்னைப் பெற்றவள் தன்னை ஒரு தடவையாவது சரியாகப் பார்த்திருக்க வேண்டும் என்று, வெளியே தெரியாமல், சின்னதிலிருந்தே ஏங்கியிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஏறாமல் நேரே திரேஸ்புரம் போனேன். எமில்டா ஆபீசில்தான் இருந்தாள். பிலோமினா அம்மா முற்றத்தில் உட்கார்ந்து ஊளி மீன் அறுத்துக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"ஏன்ம்மா அப்படிப் பொய் சொன்னீங்க?"

அம்மா அரிவாள்மணையிலிருந்து கையை எடுக்கவில்லை. "ஏளா, நீயும் பொம்பளப் பிள்ள வச்சிருக்க. நாளைக்கு எவளோ ஒருத்தி போன்ல கூப்பிட்டு ஒம் மகளுக்கு என்ன கொறைன்னு கேட்டா, நீ உக்காந்து வரிசையாச் சொல்லுவியா?"

"அவங்க பொண்ணு கேட்டு வரலம்மா."

"யாரா இருந்தா என்ன? வாயில இருந்து விழுந்தா விழுந்ததுதான். ஒருத்தி காதுக்குப் போனா ஊருக்கே போயிரும்."

"நீங்க கொறைன்னு மறைக்கிறது அவங்களுக்குக் கொறையே இல்லம்மா. எமில்டா இப்பிடித்தான் பொறந்திருக்கா, இது யார் தப்பும் இல்லன்னு சொல்லத்தான் கேக்காங்க." அதற்கும் அவர் மீன் அறுத்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒங்க மக என்ட்ட என்ன கேட்டா தெரியுமா? எங்க அம்மைக்கு என்னப் பத்தி ஒண்ணுமே தெரியாதான்னு கேக்கா. அந்த வீட்ல என்னைய யாருமே பாக்கலன்னு சொல்லுதா."

மீன் அறுக்கிற கை நின்றது. பூனை ஒன்று வந்து மீன் தலையை இழுத்துக்கொண்டு போனது. அதை அவர் விரட்டவும் இல்லை. மீனைக் கழுவிவிட்டு எழுந்திருக்க ரொம்ப நேரமாயிற்று.

"மறுபடி அந்தம்மாவ போன் போடச் சொல்லு" என்றார்.

அடுத்த வாரம் மேடம் முடிவைச் சொன்னார். ஆட்டிசம்தான். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நடந்ததை.

அன்றைக்குப் பூவும் இல்லை, பட்டும் இல்லை, மக்ரூனும் இல்லை. வீட்டில் கட்டுகிற வெளுத்த சேலை. எமில்டா போன தடவை போலவே அடுப்படிக்குள் போனாள். மேடம் வணக்கங்கம்மா என்று ஆரம்பிப்பதற்குள் பிலோமினா அம்மா பேசத் தொடங்கிவிட்டார்.

"மூணரை வயசு வரைக்கும் அவ வாயத் தொறக்கலங்க. ஊமையோன்னு மாதாட்ட போய் அழாத நாள் கெடையாது. பொறவு பேசினப்ப ஒரேயடியாப் பெரிய மனுஷி கணக்காப் பேசினா."

மேடம் எழுதிக்கொண்டே இருந்தார். கேள்வி கேட்கத் தேவையிருக்கவில்லை.

"விளையாட ஒருத்தரும் வர மாட்டாங்க. சோடாமூடிய வரிசையா அடுக்குவா, கலைச்சு மறுபடி அடுக்குவா. கொட்டுச் சத்தம் கேட்டா கட்டிலுக்கு அடியில போயிருவா. மாதா கோயில் திருவிழாவுக்கு ஊரே கூடும். தேர் இழுக்குத அன்னைக்கு எனக்குத் தலைவலின்னு பொய் சொல்லி வீட்லயே அவகூடக் கெடப்பேன். எத்தனை வருஷம் போகல. எனக்குப் பக்தி கெடையாதுன்னு மதினிமாரு பேசினாளுவ. பேசட்டும்னு விட்டுட்டேன். கிறிஸ்மசுக்குத் துணி எடுத்தா புதுசாப் போட மாட்டா, உறுத்துதும்பா. ரெண்டு மாசத்துக்கு முன்னாலயே எடுத்துத் தொவைச்சுத் தொவைச்சுப் பழசாக்கி வைப்பேன். கொழம்பு சோத்துல பட்டுறக் கூடாது. அவுக அப்பா கேட்டா டாக்டர் சொன்னாருன்னு சொல்லுவேன். பள்ளிக்கூடத்துக்கு ஒரே தெரு வழியாத்தான் வருவா. ஒரு நாள் அந்தத் தெருவத் தோண்டிப் போட்டிருந்தான். நடு ரோட்டுல உக்காந்துட்டா. அடிச்சா எழும்புவாளா? நானும் பக்கத்துல உக்காந்துட்டேன். போறவன் வாறவன்லாம் ஆத்தாளும் மகளும் பைத்தியம்னுட்டுப் போனான்."

 கையில் பிடித்திருந்த போனை அண்டையில் கிடந்த தலையணையில் சாய்த்து வைத்தேன்.

"நல்ல பிள்ள, கலகலன்னு பழகுவான்னு சொல்லிச் சொல்லி எம் பிள்ளைய நான் ஒருத்தருக்கும் காட்டவே இல்லங்க. அவளுக்கே காட்டல" என்றார் அம்மா.

மேடம் மெதுவாகக் கேட்டார். "தூக்கினா, கொஞ்சினா எப்படிங்க இருப்பாங்க?"

"தூக்கவே முடியாது. தொட்டா சூடு பட்ட மாதிரி வெடுக்குன்னு இழுத்துக்கிடுவா. முத்தம் குடுத்தா தொடச்சிருவா. சின்னவ ஸ்டெபி எப்பவும் இடுப்புலயே கெடப்பா, இவ சுவரோரமா நின்னு பாப்பா. இவளையும் தூக்கணும்னு இருக்கும். தூக்கினா அழுவா. என்னத்துக்குப் பிள்ளைய அழ வைக்கன்னு தொடுததயே விட்டுட்டேன். உறங்கின பொறவு பக்கத்துல போய் உக்காந்து தலையில கை வச்சுக்கிடுவேன். முழிச்சிருவாளோன்னு பயந்துக்கிட்டே வச்சுக்கிடுவேன்."

"எத்தனை வயசு வரைக்குங்கம்மா?"

பிலோமினா அம்மாவுக்கு அந்தக் கேள்வி புரியாதது போல இருந்தது. "இப்பவுந்தான்" என்றார்.

அடுப்படிக் கதவு திறந்தது. எமில்டா இந்த அறைக்கு வரக் கூடாது என்பது விதி. மேடம் அவளைப் பார்த்தார், போகச் சொல்லவில்லை. அவள் அம்மாவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒனக்கு என்னப் பிடிக்கலன்னு நெனச்சேன். அதான் தொட மாட்டேங்கன்னு."

அம்மா அவள் பக்கம் திரும்பினார்.

"லேசாத் தொட்டாத்தாம்மா எனக்குக் கூசும். மேடம் கேட்டப்பதான் யோசிச்சுப் பாத்தேன். அழுத்திப் பிடிச்சா ஒண்ணும் செய்யாது."

அவள் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள். பிலோமினா அம்மா தன் கையைச் சேலையில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு மகளின் முழங்கைக்கு மேலே இரண்டு கையாலும் பிடித்தார். எமில்டா கண்ணை மூடிக்கொண்டாள், கையை இழுக்கவில்லை.

"இன்னும் அழுத்தும்மா."

"வலிக்கும்ளா" என்றார் அம்மா. அவர் கண்ணிலிருந்து வடிந்ததைத் துடைக்கக் கை ஒழியவில்லை.

"வலிக்கல" என்றாள் எமில்டா. "விட்டுராத."